எரிஞ்ச கட்சி, எரியாத கட்சி

இஞ்ச வா தம்பி, இப்புடி உக்காரு. அந்த செல்போனைக் கொஞ்ச நேரம் கவுத்து வையி. பிப்ரவரி 14 வருது, பார்க்குப் பக்கம் போவலாமா வேணாமான்னுதானே மொகம் தொங்கிக் கெடக்கு? போனா எவனாவது மஞ்சக் கயித்தோட வந்து நிப்பான்னு பயம். நியாயமான பயந்தான்.

வருசா வருசம் நடக்குற கூத்துதானே இது? ஒரு கூட்டம் கொடியோட கெளம்பும். ஒருத்தன் தட்டுல தாலி. ஒருத்தன் கையில மாலை. இன்னொருத்தன் கையில கேமரா. கேமரா இல்லாம கலாச்சாரத்தைக் காப்பாத்த முடியுமா, நீயே சொல்லு. பார்க்கு பெஞ்சுல கடலை கொறிச்சிக்கிட்டு ரெண்டு புள்ளைவோ உக்காந்திருக்கும். அதுவோகிட்டப் போயி, "கட்டுடா தாலிய"ம்பான்.

ஏண்டா, கல்யாணம்னா என்னான்னு நெனச்சான்? எங்க வீட்டுல ஒரு பொண்ணைக் கட்டிக் குடுக்கறதுன்னா எத்தனை பாடு! ஜாதகம் பாக்கணும். பூ கட்டிப் போட்டுப் பாக்கணும். பெரியப்பனுக்குப் பத்திரிகையில பேரு கீழ போயிட்டுதுன்னு கோவம். தாய்மாமனுக்கு மொதல்ல வந்து சொல்லலன்னு மனத்தாங்கல். எல்லாரையும் சமாதானம் பண்ணி, பந்தக்கால் நட்டு, சமையக்காரருக்கு அட்வான்ஸ் குடுத்து முடிக்கறதுக்குள்ள ஆறு மாசம் ஆயிடும். அப்பவும் பந்தியில ரசம் சரியில்லன்னு ஒருத்தன் எலைய மூடிட்டு எந்திரிச்சிப் போவான். இவனுக்கு மூணு நிமிசம் போதுமாம்! நாள் பாக்கல, நட்சத்திரம் பாக்கல, ராகு காலம் கூடப் பாக்கல. பொண்ணோட அப்பன் பேரு என்னான்னு கேக்கல. இந்த லட்சணத்துல இந்து தர்மத்தைக் காப்பாத்துறானாம். எந்த தர்மத்துலடா ராகு காலத்துல தாலி கட்டுவாங்க?

சட்டத்துலயும் எடமில்ல. 1955ல போட்ட இந்துத் திருமணச் சட்டப்படி, மெரட்டி வாங்குன சம்மதத்துல நடந்த கல்யாணத்தைக் கோர்ட்டுல ரத்து பண்ணிக்கலாம். பையனுக்கு 21, பொண்ணுக்கு 18 ஆவலன்னா கட்டி வச்சவன்தான் கம்பி எண்ணணும். அதனால எவனாவது தாலியை நீட்டுனா பதறாத. "அண்ணே, ஒங்க பேரு, வெலாசம் சொல்லுங்க, சாட்சிக் கையெழுத்துக்கு வேணும்"னு கேளு. அண்ணன் அப்புறம் அங்க நிக்க மாட்டாரு.

கழுதைக் கல்யாணம் தெரியுமா ஒனக்கு? எங்க காலத்துலயும் கழுதைக்குக் கல்யாணம் பண்ணுவாங்க. மழை பொய்ச்சிப் போச்சுன்னா, ஊரு கூடி, ரெண்டு கழுதைக்கு மஞ்சப் பூசி மாலை போட்டு ஊர்வலம் வுடுவாங்க. மழை வருமோ வராதோ, கழுதைக்கு ஒருநாள் நல்ல தீனி கெடைக்கும். இப்ப என்னடான்னா, காதலர் தினத்தைக் கேலி பண்றேன்னு நாய்க்கும் கழுதைக்கும் தாலி கட்டி வைக்கிறாங்க. நான் ஒண்ணு கேக்கறேன். காதல் வேணாம், கலப்பு வேணாம்ங்கறவன்தானே நீ? நாய் ஒரு சாதி, கழுதை ஒரு சாதி. ஊரறிய, கொடி புடிச்சி, போட்டோ எடுத்து இதைவிடப் பெரிய கலப்புத் திருமணத்தை எவன் நடத்தி வச்சிருக்கான்? ஒரு சீர்திருத்தக்காரனுக்கும் இந்தத் தெகிரியம் வந்ததில்ல.

மாட்டுக் கதை இன்னும் ருசி. 2023 பிப்ரவரியில மத்திய சர்க்காரோட விலங்கு நல வாரியம் ஒரு அறிக்கை வுட்டுச்சு. மேல்நாட்டு மோகத்துல நம்ம வேதகாலப் பழக்கமெல்லாம் அழிஞ்சிபோவுது, அதனால பிப்ரவரி 14ஆம் தேதி எல்லாரும் பசுமாட்டைக் கட்டிப்புடிங்க, மனசுக்குச் சந்தோசம் வரும்னு. எழுதுனவரு மாட்டை எங்க பாத்திருப்பாருங்கறே? காலண்டர்லதான். பால் கறக்குற எம் பொண்டாட்டியைத் தவிர வேற ஆளு கிட்டப் போனாலே எங்க வீட்டு மயிலை காலைத் தூக்கும். கன்னு போட்ட மாட்டுகிட்டப் போயி ஆசையாக் கட்டிப்புடிச்சிப் பாரு. மனசுக்கு வர்ற சந்தோசத்தை ஆஸ்பத்திரிக் கட்டுல்ல படுத்துக்கிட்டு அனுபவிக்கலாம். நாடே சிரிச்ச சிரிப்புல நாலே நாள்ல அறிக்கையை வாபஸ் வாங்கிட்டாங்க. மாடு தப்பிச்சிது. மனுசனும் தப்பிச்சான்.

இன்னொரு கூட்டம், அன்னிக்கு அப்பா அம்மாவுக்குப் பாத பூஜை பண்ணுங்கடாங்கறான். நான் வேணாம்னா சொல்லுவேன்? எனக்கே நாலு பேரு வந்து காலைக் கழுவி வுட்டா நல்லாத்தான் இருக்கும், வெடிப்பு அந்த மாதிரி. ஆனா வருசத்துல மத்த 364 நாளும் பெத்தவன் ஞாபகம் வராதா? இந்த யோசனையை நாடு பூராப் பரப்புனவரு ஆசாராம்னு ஒரு வடநாட்டுச் சாமியாரு. 2018ல ஜோத்பூர் கோர்ட்டு அவருக்கு ஆயுள் தண்டனை குடுத்துச்சு. எதுக்கு? வயசுக்கு வராத... சட்டம் சொல்ற வயசு ஆவாத ஒரு பொண்ணைக் கெடுத்ததுக்கு. அடுத்தவன் வீட்டுப் புள்ளைவோ ஒழுக்கத்துக்கு நான் காவல்னு எவன் வந்தாலும், அவன் வீட்டுக் கணக்கை மொதல்ல வாங்கிப் பாரு தம்பி.

சரி, பாரம்பரியம் பாரம்பரியங்கறானுவோளே, அதையே பேசுவோம். அதைப் பேச எனக்கு அலுக்காது.

மாயவரம் பக்கத்துல கொறுக்கைன்னு ஒரு ஊரு. சிவன் வீரம் காட்டுன எட்டுத் தலத்துல அது ஒண்ணு. மன்மதனை நெத்திக்கண்ணால எரிச்ச எடம் அதுதான்ம்பாங்க. நம்ம தடிக்காரனுவோ கதையை அத்தோட நிறுத்திப்பானுவோ. "பாத்தியா, காமனைச் சாமியே எரிச்சிப்புட்டாரு"ம்பான். ஏண்டா மண்டு, மன்மதன் எதுக்குச் சிவன் மேல அம்பு வுட்டான்? பொழுது போவாமலா? சூரபத்மன் தொல்லை தாங்காம தேவருங்க எல்லாம் கூடிப் பேசுனாங்க. சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம் நடக்கணும். நடந்தாத்தான் முருகன் பொறப்பான், முருகன் பொறந்தாத்தான் சூரன் சாவான். சிவனோ கண்ணை மூடித் தவத்துல உக்காந்துட்டாரு. போயி மனசைக் கலைச்சிட்டு வாடான்னு மன்மதனை அனுப்புனது யாரு? தேவலோகக் கமிட்டி. தீர்மானம் போட்டு அனுப்புன ஆளு அவன். எரிஞ்சது அவன் விதி.

அதுக்கப்புறம்? அதை எவனும் சொல்ல மாட்டான். ரதி அழுதா. கல்யாணம் முடிஞ்ச கையோட சிவன் எரக்கப்பட்டு அவனுக்கு உசுரு குடுத்தாரு. ஒரே ஒரு கண்டிசன், உருவம் ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும். யோசிச்சிப் பாரு. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குங்க, ஊருக்கு அதுல என்னா சோலின்னு சாமியே தீர்ப்பு சொல்லிப்புட்டாரு.

எங்க தஞ்சாவூருப் பக்கம் மாசி மாசம் காமன் பண்டிகை நடக்கும். அமாவாசை கழிஞ்சி பிறை பாத்ததும் ஆமணக்கு, கரும்பு, வைக்கோலு எல்லாம் வச்சிக் காமனை நடுவாங்க. பௌர்ணமி அன்னிக்குக் கொளுத்துவாங்க. இலங்கை மலைத்தோட்டத்துக்குக் கூலியாப் போன நம்ம சனங்க, தேயிலைச் செடிக்கு நடுவுலயும் காமன் கூத்தை வுடல. அங்கயும் ஆடுறாங்க.

அந்தப் பண்டிகையில லாவணின்னு ஒண்ணு உண்டு. ராத்திரி பூரா. டேப்பு ஒரு பக்கம், துந்தினா ஒரு பக்கம். பாடறவங்க ரெண்டு கட்சி. ஒண்ணு எரிஞ்ச கட்சி, காமன் சாம்பலாப் போயிட்டாங்கற கட்சி. இன்னொண்ணு எரியாத கட்சி, எங்கடா எரிஞ்சான், எரிஞ்சிருந்தா நீயும் நானும் எப்புடிடா பொறந்தோம்ங்கற கட்சி. அவன் பாட்டுல கேப்பான். இவன் பாட்டுலயே பதில் சொல்லணும். புராணம் தெரியாதவன் வாயைத் தொறக்க முடியாது. தாளம் தப்புனா சனமே எழுப்பி அனுப்பிடும். விடிய விடிய அப்புடி ஒரு சண்டை. விடிஞ்சா ரெண்டு கட்சியும் ஒரே கடை பெஞ்சுல உக்காந்து டீ குடிக்கும். காசு குடுக்கறது யாருங்கறதுல வேணா கொஞ்சம் தகராறு வரும்.

பாத்தியா? இந்த வழக்கு பழைய வழக்கு. நம்ம சனங்க ரெண்டு கட்சிக்கும் சமமாப் பாய் விரிச்சி உக்கார வச்சாங்க. இன்னிக்கிப் பார்க்குக்குக் கெளம்பறவன் எல்லாம் எரிஞ்ச கட்சி. இருந்துட்டுப் போவட்டும், அதுவும் ஒரு கட்சிதானே? ஆனா இவனுக்குப் பாட்டுத் தெரியல. புராணம் தெரியல. டேப்பு இருக்க வேண்டிய கையில தடி இருக்கு. எதிர்க்கட்சி பாடவே கூடாதுங்கறான். அப்புறம் அது லாவணியாடா?

ஆண்டாளைக் கேட்டுக்க. மார்கழி மாசம் ஒலிபெருக்கியில வருமே திருப்பாவை 30 பாட்டு, அந்தப் பொண்ணுதான். அதே பொண்ணு நாச்சியார் திருமொழின்னு 143 பாட்டுப் பாடியிருக்கா. அதை எவனும் ஒலிபெருக்கியில போட மாட்டான். கல்யாணக் கனவு வர்ற வாரணம் ஆயிரத்தை மட்டும் உருவி வைணவக் கல்யாணத்துல பாடிக்குவாங்க. ஆனா அந்தத் திருமொழி ஆரம்பிக்கறதே யாரைக் கும்புட்டு? மன்மதனை! தை மாசம் பூராத் தரையைச் சுத்தம் பண்ணி, மாசி பொறந்ததும் நைசு மணலு போட்டுத் தெருவை அலங்காரம் பண்ணி, என்னை அவனோட சேத்து வையின்னு காமதேவன்கிட்ட நோம்பு இருக்கா. இப்ப நாட்காட்டியை எடு. மாசி பொறக்கறது பிப்ரவரி 13 வாக்குல. அப்ப 14? மாசி ரெண்டு. எவனோ வாழ்த்து அட்டை அச்சடிச்சி விக்க ஆரம்பிக்கறதுக்கு எத்தனையோ நூத்தாண்டுக்கு முந்தியே ஸ்ரீவில்லிபுத்தூருத் தெருவுல அந்த வாரம் காமனுக்குப் பூசை நடந்திருக்கு.

அந்தப் பொண்ணு இப்ப இருந்து, மாசி ரெண்டாந்தேதி தெருவுல மணலைப் பரப்பிட்டு நின்னிருந்தா என்னா ஆவும்? "யாரு வூட்டுப் பொண்ணும்மா நீயி? ஒங்கப்பா நம்பரைக் குடு"ன்னு நாலு பேரு சுத்தி நிப்பான். பெரியாழ்வாருக்கு போன் போவும். வீடியோ அதுக்கு முந்தியே ஊரு சுத்தும்.

அங்கேருந்து சரியா ஒரு மாசம். மாசி முடிஞ்சி பங்குனி பொறக்குற நேரம் காரடையான் நோம்பு. வெல்ல அடை, உப்பு அடை, கழுத்துல மஞ்சச் சரடு. யாருக்காவ? சாவித்திரிக்காவ. அவ யாரு? அப்பன்கிட்டத் தேரை வாங்கிக்கிட்டுப் போயி, காடு மேடெல்லாம் சுத்தி, தனக்கு மாப்பிள்ளையைத் தானே பாத்துக்கிட்டு வந்தவ. இந்தப் பையன் ஒரு வருசத்துல செத்துருவாம்மான்னு நாரதரே வந்து சொன்னாரு. அப்பன் வேணாம்னான். முடியாது, மனசுல நெனச்சது நெனச்சதுதான்னுட்டா. அவளுக்கு அடை சுட்டுப் படைக்கிற வீட்டுல, ஒம் பொண்ணு மாப்பிள்ளை பாத்திருக்கேன்னு வந்து நின்னா? அடை சுடுற சட்டியே பறக்கும்.

வள்ளியைச் சொல்லாம வுட முடியுமா? புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் கோயில் திருவிழான்னா சங்கரதாஸ் சாமியோட வள்ளி திருமணம் நாடகம் இன்னிக்கும் நடக்குது. அவரு 1922ல போயிட்டாரு. நாடகம் போவல. கெழவன் வேசம் போட்டுத் தினைப்புனத்துக்கு வந்த முருகன் பண்ற சேட்டைக்கு ஊரே வுழுந்து வுழுந்து சிரிக்கும். அவ மசியலன்னதும் அண்ணனைக் கூப்புடுறான். புள்ளையாரு ஆனையா வந்து அவளை வெரட்டுறாரு, அவ பயந்து ஓடி கெழவனைக் கட்டிக்கிறா. அப்புறம் ராத்திரியோட ராத்திரியாக் கெளம்பிடறாங்க. அப்பனும் அண்ணன்தம்பியும் வில்லோட தொரத்துறாங்க, அத்தனை பேரும் வுழறாங்க, வள்ளி எழுப்புறா, அப்புறம் முறைப்படி கல்யாணம். இன்னிக்கின்னா டேசன்ல பொண்ணைக் கடத்துன கேசு. முருகன் மொதக் குத்தவாளி, புள்ளையாரு உடந்தை. விடிய விடிய அந்த நாடகத்தைப் பாத்துக் கை தட்டுன அதே மாமன்தான், விடிஞ்சதும் பொண்ணு போனைப் புடுங்கி யாருகிட்டப் பேசுனேன்னு பாக்குறான். நாடகத்துல எந்தப் பக்கம் கை தட்டுனோம்ங்கறது அவனுக்கு ஞாபகமே இருக்காது.

சாமிக்கு ஒரு நியாயம், மனுசனுக்கு ஒரு நியாயம்ம்பான். சரி, மனுசங்க கதைக்கே வா. எட்டுத்தொகையில கலித்தொகைன்னு ஒண்ணு இருக்கு. பொண்ணு புடிச்சவனோட போயிட்டா. வளத்தவ தேடிக்கிட்டுப் பாலை வழியில ஓடுறா. எதுத்தாப்புல முக்கோலு புடிச்ச அந்தணத் துறவிங்க வர்றாங்க. பாத்தீங்களா சாமின்னு கேக்குறா. நம்ம ஆளுங்க நெனைப்புப்படி அவுங்க என்னா சொல்லியிருக்கணும்? கலி முத்திப்போச்சு, புடிச்சி இழுத்தா, வெட்டிப் போடுன்னு சொல்லியிருக்கணும். அப்புடிச் சொல்லல. பாத்தோம், அவளை நெனச்சி வருத்தப்படாத, அவ போன வழியும் அறத்து வழிதான்னு சொல்லி அனுப்புறாங்க. உலகத்தையே தொறந்த சாமியாருங்களுக்கு இருந்த பக்குவம், சட்டைப் பையில கட்சிக் கார்டு வச்சிருக்கவனுக்கு இல்ல. தொல்காப்பியத்துல களவுக்குன்னே தனியா ஒரு இயலு இருக்கு. திருக்குறள்ல 1330ல 250 காமத்துப்பாலு. பள்ளிக்கூடத்துல மொத ரெண்டு பாலோட நிறுத்திக்குவாங்க. ஒண்ணுஞ்சொல்லாம மூணாவதைத் தாண்டிட்டா புள்ளைவோளுக்கு அப்புடி ஒரு விசயம் இருக்கறதே தெரியாதுன்னு நெனப்பு!

காலேஜுலயும் இதே நெனப்புதான். பையனுக்கு ஒரு படிக்கட்டு, பொண்ணுக்கு ஒரு படிக்கட்டு. பஸ்ஸுல நடுவுல கோடு. பேசுனா அபராதம். எம் பேத்தி படிச்ச எடத்துல அப்புடித்தான். நாலு வருசம் அந்தப் படிக்கட்டுல ஏறி எறங்குன புள்ளை, மொத நாள் வேலைக்குப் போன எடத்துல பக்கத்து நாக்காலி ஆம்பளை. நல்லாத்தான் வேலை பாக்குறா. படிக்கட்டுக்குச் செலவு பண்ண காசுதான் தெண்டம்.

இப்ப நெசமான விசயத்துக்கு வர்றேன், கொஞ்சம் காதைக் குடு. பார்க்குல சும்மா உக்காந்திருக்கவனுக்குத் தாலி கட்டி வைக்கிறானே, அதே பையனும் பொண்ணும் மறுநாள் வந்து, "அண்ணே, நாங்க நெசமாவே கட்டிக்கிறோம், அவ வேற சாதி, நீங்களே முன்ன நின்னு நடத்தி வையிங்க"ன்னு கேட்டா, அந்தத் தட்டு வருமா? மாலை வருமா? கேமராக்காரன் வருவானா? உக்காந்திருந்தாக் கட்டி வைக்கிறான். கட்டிக்கிறேன்னா வெட்டி வைக்கிறான். 2016 மார்ச்சு 13, உடுமலைப்பேட்டை, பஸ் ஸ்டாண்டு பக்கம், பட்டப்பகல். தாலி கட்டுனவனும் கட்டிக்கிட்டவளும் கடைத்தெருவுக்கு வந்தாங்க. அருவாளோட வந்தவனுங்க அவனைச் சாய்ச்சிட்டுப் போனானுவோ, அவளையும் வெட்டிட்டுப் போனானுவோ. கேமராவுல ஊரே பாத்துச்சு. அது மஞ்சக் கயிறு இல்லியா? அந்தக் கயித்துக்கு யாருடா காவல் நின்னீங்க?

காதல் மேல அவனுக்குக் கோவமே இல்ல தம்பி. எவன் எவளைக் கட்டணும்ங்கற கணக்கு கைவிட்டுப் போவுதேன்னுதான் கோவம். கலாச்சாரம்ங்கறது அந்தக் கணக்கு நோட்டுக்கு மேல போட்ட அட்டை. 2018ல சுப்ரீம் கோர்ட்டு, வயசு வந்த ரெண்டு பேரு சம்மதிச்சிப் பண்ணிக்கிற கல்யாணத்துல எந்தப் பஞ்சாயத்தும் தலையிடக் கூடாதுன்னு தெளிவாச் சொல்லிடுச்சு. தீர்ப்பு டெல்லியில இருக்கு. பஞ்சாயத்து நம்ம ஆலமரத்தடியில இருக்கு.

சிரிக்கிறியா? இரு, ஒனக்கும் இருக்கு.

அவன்தான் அப்புடின்னா நீ மட்டும் யோக்கியமா? பிப்ரவரி 7லேருந்து ரோஜா நாளு, சாக்லேட்டு நாளு, பொம்மை நாளுன்னு எட்டு நாளு திருவிழா. பொம்மைக்கும் காதலுக்கும் என்னாடா சம்பந்தம்? கொழந்தைக்கு வாங்கிக் குடுக்குற சாமானை வளந்த பொண்ணுகிட்டக் குடுத்தா அவ என்னான்னு நெனைப்பா? போவட்டும், அது காசு. இன்னொண்ணு இருக்கு. சினிமாவைப் பாத்துட்டு, வேணாங்கற பொண்ணு பின்னாடியே சுத்துறியே, ஒருதலைக் காதல்னு பேரு வேற. மொதல்ல அவ சரின்னாளா?

பழைய காலத்துல இதுக்கும் ஒரு ஏற்பாடு இருந்துச்சு. மடலேறறதுன்னு பேரு. பொண்ணு கெடைக்காத பையன், பனை மட்டையில குதிரை செஞ்சி, எருக்கம்பூ மாலை போட்டுக்கிட்டு, அது மேல உக்காந்து தெருத்தெருவா வருவான். பனை மட்டை எப்புடி இருக்கும்? ரெண்டு பக்கமும் ரம்பம். கிழியறது யாரு ஒடம்பு? அவன் ஒடம்பு. போறது யாரு மானம்? பெரும்பங்கு அவன் மானம். ஊரு பாத்துப் பரிதாபப்பட்டா உண்டு. பைத்தியக்காரத்தனந்தான், நான் ஒண்ணும் மெச்சல. ஆனா இந்தக் காலத்துப் பையன் ஆசிட்டு பாட்டிலோட போறான், கத்தியோட ரயிலடிக்குப் போறான். தான் கிழியறதுக்குப் பதிலா அவளைக் கிழிக்கிறான். தாலித் தட்டுக்காரனும் அவ மனசைக் கேக்கல, கத்திக்காரனும் கேக்கல. ரெண்டு பேரும் ஒரே தெருதான், நீ அந்தத் தெருப் பக்கம் போவாத.

அவ சரின்னுட்டாளா? வயசு ஆச்சா? அப்ப பார்க்கு பெஞ்சுல என்னா வேலை, நேரே ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போ. அய்யரு, அக்கினி எதுவும் வேணாம், சொந்தக்காரங்க, சிநேகிதங்க முன்னாடி மாலை மாத்துனாலே போதும்னு 1967லயே அண்ணாதுரை காலத்துல நம்ம ஊருக்குன்னு சட்டம் வந்துடுச்சு, அது இந்து கல்யாணங்களுக்கு. வேற வேற மதம்னா 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கு. அதுல ஒரு வேடிக்கை. மூணு சாட்சி வேணும்ங்கறது சரி. அதுக்கு முந்தி 30 நாளு ஒன் பேரையும் அவ பேரையும் ஆபீசு பலகையில ஒட்டி வைப்பாங்க. ஊரு பேசற பேச்சுக்கு அலர்னு பேரு வச்சி வள்ளுவரு பத்தே குறள்ல முடிச்சிட்டாரு. சர்க்காரு அதுக்கு முழுசா ஒரு மாசம் குடுக்குது. பலகையைப் படிக்கறதுக்குன்னே வேலைவெட்டி இல்லாத ஒரு மாமன் எந்த ஊர்லயும் இருப்பான். அவனுக்கு முந்தி நீயே ஒன் அப்பன்கிட்டச் சொல்லிடு. கத்துவான். ரெண்டு நாளு சோறு திங்க மாட்டான். மூணாம் நாளு, பொண்ணு என்னா படிச்சிருக்குன்னு சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கேப்பான். அவன் என் மகன்தானே, எனக்குத் தெரியாதா?

ரோஜா வாங்கணுமா? மேல்நாட்டுச் சமாச்சாரம்னு எவனாவது சொன்னாக் கண்டுக்காத. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலு போட்டு, தாஜ்மகால்னு பேரு வச்ச செவப்பு ரோஜாவை வளத்துப் பொட்டி கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பறதே நம்ம குடியானவன்தான். பிப்ரவரி மாசம் அவன் வூட்டு அடுப்பு நல்லா எரியுது, அதைக் கெடுக்க நான் ஆளில்ல. ஆனா 14ஆம் தேதி வாங்காத, அநியாய வெலை. 15ஆம் தேதி சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போனாக் கூடையோட தள்ளி வுடுவான். மாசி மூணும் நல்ல நாளுதான். மிச்சக் காசுல அவளுக்குப் புடிச்சது எதுவோ வாங்கிக் குடு. என்னா புடிக்கும்னு அவகிட்டயே கேட்டுக்க.

அதுலயும் மிச்சம் இருந்தா, வர்றப்ப கும்மோணத்துல எறங்கி எனக்குக் காப்பித்தூளு கால் கிலோ. சிக்கரி கலக்காதது.